கதவு கழற்றிய அலமாரி

“கழட்டியாச்சும்மா. இனிமே திட்டி என்ன ஆகப்போகுது?”

“என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?”

“கேட்டா விட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

ஸ்டூலின் மேல் நின்றபடி, கடைசித் திருகாணியைத் திருப்புளியால் நெம்பிக்கொண்டே சொல்லி முடித்தாள் சுண்டு. கீழே அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். அலமாரியின் இரண்டு கதவுகளும், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி, சுவரோரம் சாய்ந்து நின்றன. கதவு போன அலமாரி வாயைப் பிளந்துகொண்டு வீட்டின் மானத்தையெல்லாம் கூடம் வரைக்கும் காட்டியது. கம்பளிகள், கிழிந்த தலையணை உறைகள், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, மருந்துப் பை, ஜோடி தொலைந்த காலுறைகள், இஸ்திரிப் பெட்டி, எதற்கு வாங்கினோம் என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு பிளாஸ்டிக் கயிற்றுச் சுருள்.

வீட்டில் கடைக்குட்டி, உயரத்திலும் கடைக்குட்டி. அதனால் சுண்டு. திரைச்சீலைக் கடையில் அவளுக்கு வேலை. ஜன்னல்களை அளந்துவிட்டு வந்து துணிக்கு மடிப்பு வைத்து ஊசி குத்துவாள். ஆனால் யார் வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் ஜன்னலைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவாள். இந்த நாற்காலி அங்கே இருந்தால், அந்த விளக்கு இங்கே வந்தால் என்று ராத்திரியெல்லாம் அவளுக்குள் யாரோ மேசை நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். இன்று அவள் விடுப்பு எடுத்திருந்ததற்குக் காரணம் அண்ணி.

அண்ணி இன்று மாலை வேலையிலிருந்து வந்து, கட்டிலடியில் இருக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னாள். எப்போது வருவீர்கள் என்று சுண்டு கேட்டதற்கு, தலைவாரிக்கொண்டே, “பாக்கலாம்” என்றாள். அந்தப் ‘பாக்கலாம்’தான் சுண்டுவைத் தூங்கவிடவில்லை. அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி அண்ணனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அண்ணிக்கு வேலை ஒரு புகார் மையத்தில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் பூராவும் முகம் தெரியாத மனிதர்களின் கோபத்தைக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டாள். ஆனால் சுண்டு கடைக் கதைகளை ஆரம்பித்தால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சுண்டு சொல்லும் எதற்கும் அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் சிரித்தது கிடையாது. இப்படி ஒரு ஆள் வந்து சேர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால் எப்படி?

யோசித்து யோசித்து அவள் கண்டுபிடித்தது இதுதான். குற்றவாளி கட்டிலடியில் இருக்கும் பெட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி பெட்டியிலிருந்து துணியை எடுக்கிறாள், துவைத்து மடித்துப் பெட்டியிலேயே வைக்கிறாள். அண்ணன் அண்ணி அறையின் அலமாரி முழுக்க வீட்டுச் சாமான். ஒரு மனுஷிக்குச் சட்டை தொங்கவிட ஒரு கொக்கி கூடக் கொடுக்காத வீடு எப்படி அவள் வீடாகும்? விருந்தாளிதான் பெட்டியிலிருந்து வாழ்வாள். ஆகவே இன்று சாயங்காலத்துக்குள் அந்த அலமாரி அண்ணியுடையதாக வேண்டும். அதுவும் சும்மா காலி செய்து கொடுத்தால் போதாது. பார்த்ததும் கால் நகரக்கூடாது.

விண்டேஜ், பழங்காலத்து அழகு. கடையில் ஒரு வாடிக்கையாளர் காட்டிய படத்திலிருந்து அந்தப் பைத்தியம் அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கதவே இல்லாத அலமாரி, பாலாடை நிறம், வெளிறிய ரோஜாப்பூத் துணி, ஓரம் தேய்ந்த மரம், மஞ்சள் வெளிச்சம். யாரோ பல காலமாக ஆசையாக வாழ்ந்த இடம் போல இருக்க வேண்டும், ஆனால் நேற்றுத்தான் துடைத்தது மாதிரியும் இருக்க வேண்டும்.

இத்தனையையும் அம்மாவிடம் விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கம்பளிய எங்கடி வைக்கிறது?” என்றாள்.

கம்பளிகள் கூடத்து சோபாவில் மலையாகக் குவிந்தன. அதன் மேல் மிக்ஸிப் பெட்டி ஏறியது. கதவுகளுக்கும் வழி இருந்தது. தெருக்கோடியில் ஒரு பழைய சாமான் கடை. எதைக் காட்டினாலும், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ‘எதுக்காவது ஆகும்’ என்று வாங்கிப் போடுவார் கடைக்காரர். தெருவில் அவருக்குப் பெயரே ஆகும்காரர். அவர் கடையில் ஒரு நீள்வட்டக் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. தங்கப் பூச்சு ஆங்காங்கே உதிர்ந்த சட்டம், மேலே செதுக்கிய ஒரு சின்ன முடிச்சு. சுண்டு அதைத் தினமும் வேலைக்குப் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை பார்ப்பாள், யாரையோ காதலிக்கிறவள் மாதிரி. இரண்டு கதவுக்கு அந்தக் கண்ணாடியும் நான்கு பித்தளைக் கொக்கிகளும் என்று பேச்சு முடிந்தது. ஆகும்காரரே ஆள் அனுப்பிக் கதவுகளை எடுத்துக்கொண்டார். எல்லாம் தேக்கு, கெட்டிக் கதவு என்று அம்மா பின்னாலேயே புலம்பிக்கொண்டு படி வரை போனாள்.

அதற்குப் பிறகு சுண்டுவைப் பிடிக்க முடியவில்லை. சுண்ணாம்பு போல மங்கலாகக் காயும் பெயின்ட்டை அலமாரிக்குள் அடித்தாள். காய்ந்ததும், தட்டுகளின் ஓரங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து உள்ளே இருந்த மரத்தைக் கொஞ்சம் எட்டிப்பார்க்க வைத்தாள். பின்பலகையில் ரோஜாப்பூத் துணியை இழுத்து ஒட்டினாள். லேஸை முந்தின நாளே டீ டிகாஷனில் ஊறவைத்துப் பழுப்பேற்றி வைத்திருந்தாள். காலையில் அந்தப் பாத்திரத்தில் போட்ட டீ ஏன் நூல் வாசம் அடிக்கிறது என்று கேட்ட அண்ணனுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்த லேஸைத் தட்டுகளின் நெற்றியில் வளைவு வளைவாகத் தைத்துத் தொங்கவிட்டாள். கம்பி ஹேங்கர்களுக்குத் துணிக்கீற்று சுற்றினாள். பிஸ்கட் டின்களுக்குத் துணி போர்த்தி நாடா கட்டினாள். காய்ந்த பூங்கொத்து ஒன்று. உள்பக்க மூலையில் குட்டி விளக்கு. கடைசியாக, பித்தளைக் கொக்கிகளும், பக்கச் சுவரில் கண்ணாடியும்.

விளக்கைப் போட்டாள். அலமாரி உள்ளிருந்து மெல்ல வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

இனி துணிதான் பாக்கி. கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். பூட்டு இல்லை, வெறும் ஜிப். ஜிப்பில் கைவைத்தபோது ஒரு கணம் விரல் தயங்கியது. ஆனால் அண்ணி வந்து பார்க்கும்போது காலி அலமாரியா நிற்கும்? காலி அலமாரியில் என்ன இருக்கிறது, மர டப்பா. மேலும் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டு எதையும் எடுத்ததில்லை. அண்ணன் அறைக்குக் கதவே கிடையாது. மரநிலை உண்டு, அதில் ஒரு திரை. அம்மா விடிவதற்குள் திரையை விலக்கிக்கொண்டு போய்த் துண்டு எடுப்பாள், மருந்துப் பை எடுப்பாள். சுண்டுவுக்குக் கண்மை வேண்டுமென்றால் நேரே உள்ளே போவாள், கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று கூடப் பார்க்கமாட்டாள். நாங்கள் அப்படி ஒட்டி வளர்ந்தவர்கள் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வது வழக்கம்.

ஜிப்பைத் திறந்தாள்.

வெள்ளையில் ஆரம்பித்து, பாலாடை, வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு, கடைசியில் ஒரு மாதுளை நிறக் கோட்டு என்று நிறவரிசையில் எல்லாவற்றையும் தொங்கவிட்டாள். இரவு உடைகளையும் விட்டுவைக்கவில்லை. அதில் ஒன்று அசல் லேஸ் வைத்தது, அலமாரிக்கென்றே பிறந்த மாதிரி இருந்தது. அதை முன்னால் போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். சோபாவில் கம்பளி மலையைப் பார்த்தவள், கூடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். திரையைச் சுண்டு பெயின்ட் படாமல் இருக்கக் கழற்றி வைத்திருந்தாள். அலமாரி மேடையில் நிற்கும் நடிகை போல விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. அக்கா உள்ளேயே வந்துவிட்டாள்.

நல்லா இருக்கே என்றாள். சுண்டுவுக்குக் குளிர்ந்தது. பிறகு அக்காவின் கை நீண்டது. கோட்டின் காலரைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சட்டையின் கக்கத்தில் போட்டிருந்த தையலைக் காட்டி, வேலைக்குப் போகிற பெண் இதையா போடுகிறாள் என்றாள். அந்த இரவு உடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

“அடேயப்பா. வாயே திறக்காத பொண்ணுன்னு நெனச்சேன். இதெல்லாம் கூடப் போடுவாளா?”

அம்மா சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா வந்த சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருவரும் அடுத்த ஹேங்கருக்குப் போனார்கள்.

சுண்டுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தச் சிரிப்பை அண்ணியின் காதால் கேட்டுவிட்டாள். சட்டென்று முதுகில் ஈரத்துணி பட்ட மாதிரி ஆயிற்று. இதே அறையில், இதே கட்டிலில், திரைக்கு இந்தப் பக்கம் அண்ணி படுத்திருக்கும்போது அவள் கண்மை தேடி நுழைந்த காலைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒவ்வொரு தடவையும் அண்ணி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டது அப்போது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

வேலை இருக்கிறது என்று சொல்லி அக்காவை அனுப்பி வைத்தாள். கறிவேப்பிலையைக் கையில் திணித்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. காலிப் பெட்டியை மூடிவிடலாம் என்று குனிந்தபோது, அடியில், உள்துணிக்குக் கீழே ஏதோ கனமாக உருண்டது. கையை விட்டு எடுத்தாள்.

ஒரு தாழ்ப்பாள். புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. உள்ளே திருகாணிகள் நாலும் அப்படியே.

பெட்டிக்குள் ஒரு பெண் எதற்குத் தாழ்ப்பாளை வைத்திருப்பாள்?

அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தான், காற்று இரைந்தது. தாழ்ப்பாள் என்றதும் காற்று படாத மூலையாகப் பார்த்து ஒதுங்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான். வந்த புதிதில் அண்ணி வாங்கியது. அறைக்கு ஒரு கதவு போட்டுத் தரச் சொன்னாள், தாழ்ப்பாளை நானே வாங்கிவிட்டேன் என்று காட்டினாள். இவன் பார்க்கலாம் என்றான்.

“ஏன்ணா போடல?”

“அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? உனக்குக் கதவு சாத்தப்போறேன்னா? உன் அண்ணி திரும்பக் கேக்கவே இல்ல. மறந்துட்டான்னு நெனச்சேன்.”

சுண்டு அலமாரியைப் பார்த்தாள். அந்த அறையில் மூடித் திறக்கிற மாதிரி இருந்ததே அந்த இரண்டு கதவுகள்தான். ஒரு தாழ்ப்பாள் போட இடம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, இவள் பரிசு என்று சொல்லி, இருந்த கதவையும் கழற்றி, பெட்டிக்குள் பத்திரமாக மூடி வைத்திருந்ததையும் விளக்குப் போட்டு ஊருக்குக் காட்டியிருக்கிறாள். அண்ணி ‘பாக்கலாம்’ என்றதையாவது திரும்பி வருவதாக எடுத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்தால் அந்தச் சொல்லும் மிஞ்சாது.

எல்லாவற்றையும் பெட்டியில் திரும்ப வைத்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. அப்படி வைத்தால் பெட்டி கிளம்பத் தயாராகிவிடும், அவ்வளவுதான். அவள் கண் அலமாரியிலிருந்து வெறும் மரநிலைக்குப் போனது. நிலையிலிருந்து அலமாரிக்கு வந்தது. மறுபடி நிலைக்குப் போனது. ஜன்னல்களை அளந்து அளந்து பழகிய கண். இரண்டு கதவையும் சேர்த்தால் அகலம் கிட்டத்தட்ட வந்துவிடும். உயரத்தில் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

“அண்ணா, இப்பவே கிளம்பி வா. சாமான் பையோட வா.”

போனை வைத்த கையோடு அண்ணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சீக்கிரம் விட்டுவிட்டார்கள், வாடகைக் கார் பிடித்து வருகிறேன், பெட்டியை எடுத்துக்கொண்டு அதே காரில் போய்விடுகிறேன்.

சுண்டு சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். பித்தளைக் கொக்கிகளைக் கழற்றினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். எதிரே வந்தவர்கள் முகமெல்லாம் அவள் கண்ணாடிக்குள் வந்து வந்து போயின.

ஆகும்காரர் ஒரு கதவை அதற்குள் இரண்டு டிரம்களின் மேல் படுக்கப்போட்டு, பழைய விளக்குகளை அதில் அடுக்கிக் கடைவாசலில் வைத்திருந்தார். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். இவள் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தலையைச் சாய்த்தார்.

“கதவு எனக்கு ஆயிடுச்சேம்மா.”

கண்ணாடியைக் கொடுத்தாள். கொக்கிகளைக் கொடுத்தாள். அவர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் இதற்கு மேல் கொடுக்க ஒன்றும் இல்லை, என் அண்ணி வீட்டை விட்டுப் போகப்போகிறாள் என்று கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். ஆகும்காரர் சங்கடப்பட்டுப் போனார். விளக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி வைக்க ஆரம்பித்தார். அவர் வேகத்துக்கு விடிந்துவிடும் போலிருந்தது. சுண்டுவும் இறக்கினாள். அதற்குள் அண்ணன் வந்து சேர்ந்தான், தோளில் பையோடு.

கதவு லிஃப்டுக்குள் நுழையவில்லை. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன் தேக்குக் கதவை முதுகில் சுமந்துகொண்டு படியேறினான். இன்னொரு கதவின் ஒரு முனையை ஆகும்காரரும் மறுமுனையைச் சுண்டுவும் தூக்கி வந்தார்கள்.

கூடத்தில் அம்மா எழுந்து நின்றாள். ஏது, போன கதவு திரும்பி வருகிறதே என்று முதலில் முகம் மலர்ந்தது. அண்ணன் கதவை அலமாரிப் பக்கம் கொண்டுபோகாமல் அறை நிலையில் சாய்த்து, கீலை வைத்துப் பென்சிலால் குறித்தபோது அந்த முகம் மாறியது.

“அங்க எதுக்குடா கதவு?”

அண்ணன் குறிப்பதையே குறித்துக்கொண்டிருந்தான். அவன் காது மட்டும் சிவந்தது. சுண்டுதான் சொன்னாள், தாழ்ப்பாளையும் காட்டினாள்.

“என் புள்ள ரூமுக்கு நான் போகக்கூடாதுன்னு கதவா? நான் என்ன திருடியா?”

“நீ குளிக்கும்போது கதவ சாத்துறியே, அம்மா. எங்கள திருடங்கன்னா சாத்துற?”

அம்மா கம்பளி மலைக்குப் பக்கத்தில் சோபாவில் போய் உட்கார்ந்தாள். ஆகும்காரர் தன் செருப்பையே பார்த்துவிட்டு, வருகிறேன் என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு நழுவினார். துளையிடும் இயந்திரம் அலறத் தொடங்கியது. மரத்தூள் பறக்க, சுண்டு ஓடிப்போய் அலமாரி மேல் ஒரு போர்வையைப் போர்த்தினாள். திரும்பி வந்து பார்த்தால் சோபாவில் அம்மா இல்லை. கம்பளி மலையில் பாதியும் இல்லை. அம்மா அதை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு வந்து மருந்துப் பையை எடுத்தாள். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு கதவு நின்றது. இரண்டாவதை அண்ணன் தூக்கி நிறுத்தும்போது வாசலில் அண்ணி நின்றாள்.

தோளில் கைப்பை. கீழே கார் உறுமிக்கொண்டு நிற்கும் சத்தம் பால்கனி வழியே வந்தது. அவள் பார்வை முதலில் மரத்தூளில் விழுந்தது, பிறகு அண்ணன் மேல், பிறகு பாதி திறந்த நிலை வழியாக உள்ளே. போர்வை சரியாக மூடவில்லை. மாதுளை நிறக் கோட்டின் கை வெளியே தொங்கியது. அண்ணி உள்ளே போய்ப் போர்வையை இழுத்தாள். வெள்ளையிலிருந்து மாதுளை வரைக்கும் பார்த்தாள். லேஸ் வைத்த அந்த இரவு உடையைப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“என் பெட்டிய யாரு தொறந்தது?”

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. அது அவள் புகார் மையத்தில் பேசும் குரல். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் ஏறாத, இறங்காத, மழமழவென்ற குரல். வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை.

“நான்தான் அண்ணி,” என்றாள் சுண்டு.

“வண்டி நிக்குது. எல்லாத்தையும் திரும்ப எடுத்து வையி.”

சுண்டு மூடியிருந்த கையை விரித்தாள். இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்ததில் தாழ்ப்பாளின் தடம் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“வைக்கிறேன். இத மட்டும் பெட்டியில வைக்க வேணாம் அண்ணி. இதுக்கு இடம் வந்துடுச்சு.”

அண்ணி தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகுதான் அண்ணன் தாங்கிக்கொண்டிருந்த கதவைப் பார்த்தாள். அது எந்தக் கதவு என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணன் வியர்த்து வழிந்தான். கதவு கனம், பேச்சு அதைவிடக் கனம்.

“நீ கேட்டப்பவே போட்டிருக்கணும். அம்மாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.”

“இப்ப வந்துச்சாக்கும்?”

“இல்ல. சுண்டுதான் சொன்னா.”

அம்மா தன் அறை வாசலில் நின்றாள். கையில் கடைசியாக அந்தப் பிளாஸ்டிக் கயிற்றுச் சுருள். அதையே பார்த்துக்கொண்டு, “என் சாமானெல்லாம் எடுத்துட்டேன். இனிமே அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல,” என்றாள். கோபமா, சரணாகதியா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அண்ணியின் போன் அடித்தது, கார்க்காரர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அண்ணி கைப்பையைக் கட்டிலில் வைத்தாள். கதவின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.

“கனக்குது. சீக்கிரம் திருகுங்க.”

இரண்டு கதவும் சேர்ந்தபோது நடுவில் ஒரு விரல் அகலம் வெளிச்சம் தெரிந்தது. அண்ணன் அதன் மேல் ஒரு பட்டியை அடித்து மறைத்தான். தாழ்ப்பாளை உள்பக்கம் பொருத்தினான். அவன் வெளியே வந்ததும் அண்ணி கதவைச் சாத்தினாள். டக் என்று தாழ்ப்பாள் விழுந்தது.

கூடத்தில் மூன்று பேர். அண்ணனின் பையும் திருப்புளியும் உள்ளேயே மாட்டிக்கொண்டன, கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. உள்ளே ஹேங்கர் நகர்கிறதா, பெட்டி ஜிப் இழுபடுகிறதா, போனில் அவள் அம்மாவிடம் அழுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. அம்மா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எதேச்சையாகப் போகிறவள் மாதிரி கதவுப் பக்கம் ஒரு நடை நடந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“தேக்கு. ஒண்ணும் கேக்கல.”

சுண்டு நகத்தைக் கடித்துக்கொண்டு பால்கனியில் நின்றாள். கீழே கார் விளக்கை அணைக்காமல் நின்றது. ஒரு தடவை ஹாரன் அடித்தது. பெட்டியோடு அண்ணி வந்து ஏறுவதை இங்கிருந்தே பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். தன் கையால் ஒட்டிய ரோஜாத் துணியை யார் பார்ப்பார்கள், காலி அலமாரியில் தனியாக எரியும் விளக்கை யார் அணைப்பார்கள் என்றெல்லாம் அவள் மனம் ஓடியது. கார்க்காரர் போனைக் காதில் வைத்தார். தலையாட்டினார். வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பி, தெருக்கோடியில் ஆகும்காரர் கடையைத் தாண்டிப் போயே போய்விட்டது.

காரில் யாரும் ஏறவில்லை.

“அம்மா,” என்றாள் சுண்டு. பால்கனியிலிருந்து கூடத்துக்கு ஓடினாள்.

தாழ்ப்பாள் விலகியது. அண்ணி உடை மாற்றியிருந்தாள், கண் சிவந்திருந்தது. கையில் பெட்டி. அதைத் தூக்கி வந்த விதத்திலேயே உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அண்ணனிடம் நீட்டினாள்.

“பரண்ல போடுங்க.”

பிறகு சுண்டுவிடம் திரும்பினாள்.

“இன்னொரு தடவ என்னைக் கேக்காம என் சாமானத் தொட்ட, சுண்டுவிரல ஒடிச்சிடுவேன்.”

சுண்டு வேகமாகத் தலையாட்டினாள். அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தே விட்டுவிட்டு, உள்ளே வா என்றாள். சுண்டு நிலையருகே நின்று, திறந்திருந்த கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நுழைந்தாள். அப்போதுதான் அண்ணியின் உதடு லேசாக அசைந்தது.

அலமாரியில் நிறவரிசை போயிருந்தது. வேலைச் சட்டைகள் கைக்கெட்டும் இடத்தில், கோட்டு கோடியில், அந்த இரவு உடை எங்கேயோ டின்னுக்குள். சுண்டுவின் கண்ணுக்கு அது கொஞ்சம் உறுத்தியது, வாயை மூடிக்கொண்டாள். பக்கச் சுவரில் கண்ணாடி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. இங்கே என்ன இருந்தது என்று அண்ணி கேட்டாள். சுண்டு சொன்னாள். அண்ணி கோட்டின் நிறத்திலேயே இருந்த தன் சால்வையை எடுத்து அந்த ஆணியில் மாட்டினாள். உண்மையைச் சொன்னால், கண்ணாடியைவிட அது பொருந்தியது.

இப்போது ஒரே ஒரு பிரச்சினைதான் பாக்கி. கதவுக்கு மேலே, நிலையின் உச்சியில், நாலு விரல் உயரத்துக்குச் சந்து தெரிகிறது. மிச்சமிருக்கும் டீ லேஸைத் தொங்கவிடலாம், அலமாரிக்கும் கதவுக்கும் ஒரே சாயலாக இருக்கும் என்கிறாள் சுண்டு. பலகை அடித்து மூடிவிடலாம், சத்தம் போகாது என்கிறாள் அண்ணி. அண்ணன் பாக்கலாம் என்று ஆரம்பித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். காற்றோட்டத்துக்கு அப்படியே திறந்து கிடக்கட்டும் என்கிறாள் அம்மா, அவளுக்குக் காற்றின் மேல் என்ன திடீர் அக்கறை என்று எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, லேஸா, பலகையா?